பிளஸ் டூவுக்குப் பிறகு வேலையும் படிப்பும்: வரிசை தவறாமல் முடிவெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

பிளஸ் டூ முடிவு வெளிவந்த வீடுகளில் முதலில் பேசப்படுவது கல்லூரி. அடுத்தது அங்கே கிடைக்கும் பாடப்பிரிவு. அதைப் படித்துவிட்டு என்ன வேலைக்குப் போவது என்பது பெரும்பாலும் கடைசி ஆண்டில்தான் பேச்சுக்கு வருகிறது. மாணவர்களோடும் பெற்றோரோடும் உட்கார்ந்து இந்த முடிவை எடுக்க உதவிவரும் எனக்கு, அவர்கள் படும் தடுமாற்றத்தில் பெரும்பகுதி இந்தத் தலைகீழ் வரிசையிலிருந்தே பிறக்கிறது என்பதில் ஐயமில்லை. வேலை முதலில், அதற்குச் செல்லும் பாதை அடுத்து, பாடப்பிரிவு அதற்கும் பிறகு, கல்லூரி கடைசியில் என்பதே இங்கே பின்பற்றப்படும் வரிசை. தமிழ்நாட்டு மாநிலப் பாடத்திட்டத்தில் படித்த மாணவரை மனத்தில் வைத்து இது எழுதப்பட்டுள்ளது. ஒரு படியில் கிடைக்கும் விடையைக் கொண்டுதான் அடுத்த படியைச் செய்ய முடியும் என்பதால், நடுவில் எதையும் தாண்ட வேண்டாம்.

1. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ், குடும்பத்தில் இதுவரை பட்டதாரி யாரும் இல்லையென்றால் முதல் பட்டதாரி சான்றிதழ் ஆகியவற்றுக்கு இ-சேவை மையத்தில் முன்கூட்டியே விண்ணப்பித்துவிடுங்கள். தேர்வு முடிவு வந்த வாரத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் விண்ணப்பிப்பதால் வருவாய்த் துறையின் ஒப்புதல் தாமதமாகும். ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்கள், தொழிற்கல்விப் படிப்புகளில் தங்களுக்கு உள்ள 7.5 சதவீத ஒதுக்கீட்டுக்காக, அந்த ஆண்டுகளுக்கான படிப்புச் சான்றைப் படித்த பள்ளிகளில் வாங்கிவைக்க வேண்டும். மதிப்பெண் பட்டியலிலும் ஆதாரிலும் பெயரும் முன்னெழுத்தும் ஒன்றுபோல் இருக்கின்றனவா என்பதையும் இப்போதே பாருங்கள்.

சான்றிதழ்களை விட முக்கியமானது ஓர் எண்: குடும்பத்தால் ஆண்டுக்கு எவ்வளவு செலவிட முடியும் என்பது. பிள்ளை வருந்துமே என்று பல பெற்றோர் இதை மறைக்கிறார்கள். எண் தெரியாமல் படிப்பைத் தேர்ந்தெடுத்த பிள்ளை, நகை அடகுக் கடைக்குப் போன செய்தியை இரண்டாம் ஆண்டில் அறிந்து, படிப்பிலும் மனம் ஒட்டாமல் குற்ற உணர்வோடு கிடக்கிறது. பதினேழு வயதுப் பிள்ளையிடம் கணக்கைத் திறந்து காட்டலாம். அதைத் தாங்கும் பக்குவம் அந்த வயதில் இருக்கிறது.

2. மூடியிருக்கும் கதவுகளைக் குறித்துக்கொள்ளுங்கள்

பிளஸ் ஒன்னில் எடுத்த பிரிவு சில பாதைகளை ஏற்கெனவே தீர்மானித்துவிட்டது. பொறியியல் கலந்தாய்வுக்கு, தொழிற்கல்விப் பிரிவில் படிக்காதவர்களுக்குக் கணிதம், இயற்பியல், வேதியியல் மூன்றும் வேண்டும். நீட் எழுதுவதற்கு இயற்பியல், வேதியியல், உயிரியல் வேண்டும். இந்தப் பட்டியலை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவிட்டால், நடக்க முடியாத ஒன்றைச் சுற்றிச் சுற்றிப் பேசும் நேரம் மிச்சமாகும்.

இங்கே நேர்வது இரு வகைத் தவறு. மூடிய கதவை எண்ணி வருந்துவது ஒன்று. திறந்திருக்கும் கதவை மூடியதாக நினைப்பது மற்றொன்று, அதுவே அதிகம். வணிகவியல் பிரிவு மாணவர்கள் ஐந்தாண்டுச் சட்டப் படிப்புக்குத் தாங்கள் தகுதியில்லை என்று எண்ணுவதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். எந்தப் பிரிவில் பிளஸ் டூ முடித்திருந்தாலும் அதற்கு விண்ணப்பிக்கலாம். சி.ஏ. (பட்டயக் கணக்காளர்) படிப்புக்கும் வணிகவியல் பிரிவு கட்டாயமில்லை. அறிவியல் பிரிவிலோ தொழிற்கல்விப் பிரிவிலோ முடித்தவர்கள் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம் என்பதும் பலருக்குத் தெரிவதில்லை.

3. விருப்பத்தைக் கேட்பதை விட்டுப் பழக்கத்தைப் பாருங்கள்

"உனக்கு என்ன பிடிக்கும்?" என்று கேட்டால், மாணவர் தமக்குப் பெயர் தெரிந்த ஏழெட்டு வேலைகளில் ஒன்றைத்தான் சொல்வார். அந்தப் பதில் அவரைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. அவர் எவற்றைக் கேள்விப்பட்டிருக்கிறார் என்பதை மட்டுமே சொல்கிறது. ஆகவே வேறு மூன்று கேள்விகளுக்கு எழுத்தில் விடை தேடுங்கள். யாரும் சொல்லாமலே நீண்ட நேரம் செய்த காரியம் எது? வீட்டிலும் வகுப்பிலும் மற்றவர்கள் எந்த உதவிக்காக உங்களிடம் வருகிறார்கள்? எல்லோரும் சலித்து விட்டுவிட்ட எந்த வேலையை நீங்கள் முடித்துக் கொடுத்திருக்கிறீர்கள்?

ஒரு மாணவி முதல் நாள் "ஐ.டி." என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார். மூன்றாம் கேள்விக்கு வந்தபோது, அம்மாவின் மகளிர் சுயஉதவிக் குழுக் கணக்கு நோட்டைப் பத்தாம் வகுப்பிலிருந்து தாமே எழுதிவருவதாகவும், ஒரு மாதம் இருப்பில் 450 ரூபாய் உதைத்தபோது பழைய பக்கங்களை ஒவ்வொன்றாகப் புரட்டி, ஓர் உறுப்பினரின் தவணை இருமுறை வரவு வைக்கப்பட்டிருந்ததைக் கண்டுபிடித்ததாகவும் எழுதினார். அதை அவர் ஒரு திறமையாகவே நினைத்திருக்கவில்லை. அவருடைய பட்டியலில் கணக்காய்வு அப்போதுதான் நுழைந்தது.

இதே பக்கத்தில் எதைத் தாங்க முடியாது என்பதையும் எழுதுங்கள்: இரவுப் பணி, இரத்தம், நாள் முழுவதும் நிற்பது, அடிக்கடி ஊர் மாறுவது, அறிமுகமில்லாதவர்களோடு ஓயாமல் பேசுவது. பிடித்தவற்றை விட இந்தப் பட்டியல்தான் பெரும்பாலும் நம்பகமாக இருக்கிறது. ஒரு பாடத்தில் நல்ல மதிப்பெண் எடுத்திருப்பது அந்தத் துறை வேலைக்குப் பொருத்தமானவர் என்பதற்குச் சான்றாகாது. உயிரியலில் நூற்றுக்கு நூறு எடுத்தவர் வார்டில் நிற்க முடியாதவராக இருக்கலாம். இணையத்தில் கிடைக்கும் திறனறித் தேர்வுகளை எழுதிப் பார்க்கலாம். அவற்றின் முடிவைத் தீர்ப்பாகக் கொள்ளாமல், மேலும் கேட்க வேண்டிய கேள்விகளாக எடுத்துக்கொள்ளுங்கள்.

4. வேலையின் ஒரு முழு நாளை அறியுங்கள்

மூன்றாம் படியின் அடிப்படையில் ஐந்தாறு வேலைகளை எழுதுங்கள். இது வேலைகளின் பட்டியல், பட்டங்களின் பட்டியல் அல்ல. "பி.எஸ்சி. வேதியியல்" என்பது வேலையன்று, மருந்துத் தொழிற்சாலையில் தரப் பரிசோதகர் என்பது வேலை. இப்படி எழுத முடியாமல் திணறினால் அது நல்ல அறிகுறியே. இதுவரை படிப்பின் பெயரை மட்டுமே நினைத்திருந்தது அப்போது தெரிந்துவிடும்.

ஒவ்வொரு வேலைக்கும் இருவரைச் சந்தியுங்கள்: சேர்ந்து இரண்டு மூன்று ஆண்டுகளே ஆனவர் ஒருவர், பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் இருப்பவர் ஒருவர். முதலாமவர் இன்றைய தொடக்கச் சம்பளத்தையும் வேலை கிடைத்த விதத்தையும் சொல்வார்; இரண்டாமவர் அந்த வேலை ஒருவரை எங்கே கொண்டு நிறுத்துகிறது என்பதைச் சொல்வார். ஒருவரை மட்டும் கேட்டால் பாதிதான் தெரியும். உறவினர்களில் வெற்றி பெற்ற ஒருவரை மட்டும் கேட்டுவிட்டு முடிவெடுப்பதுதான் இந்தப் படியில் மிகவும் பரவலான தவறு.

"இந்த வேலை நல்லதா?" என்று கேட்காதீர்கள். அதற்கு எல்லோரும் ஒரே மாதிரி பதில் சொல்வார்கள். "நேற்றுக் காலை வந்ததிலிருந்து என்னென்ன செய்தீர்கள்?" என்று கேளுங்கள். ஆய்வக நுட்புநர் ஒருவரிடம் கேட்டால், காலையில் வெறும் வயிற்றோடு வரிசையில் நிற்பவர்களிடம் இரத்தம் எடுப்பது, ஒவ்வொரு குழாயிலும் பெயரையும் எண்ணையும் ஒட்டிச் சரிபார்ப்பது, சுழற்சிக் கருவியில் வைத்துப் பிரிப்பது, வார்டிலிருந்து அவசர முடிவு கேட்டு வரும் அழைப்புகளுக்குப் பதில் சொல்வது என்று நாள் கண்முன் விரியும். ஊசியைப் பார்த்து அழும் குழந்தையின் கையில் நரம்பைத் தேடுவதும் அந்த வேலையின் பகுதி. எந்தக் கல்லூரிக் கையேட்டிலும் அது அச்சிடப்பட்டிருக்காது. தணிக்கை அலுவலகத்தில் கேட்டால், மாதந்தோறும் 11ஆம் தேதியும் 20ஆம் தேதியும் ஜி.எஸ்.டி. கணக்குத் தாக்கலுக்காக எப்படி நெருக்கும் என்றும், செப்டம்பரில் வருமான வரித் தணிக்கை அறிக்கைக்காக இரவு வரை உட்கார வேண்டியிருக்கும் என்றும் தெரியவரும்.

அடுத்து மூன்று கேள்விகள் போதும். இந்த வேலையை விட்டுப் போனவர்கள் எதற்காகப் போனார்கள்? முதல் ஐந்து ஆண்டுகளில் சம்பளம் எப்படி உயர்ந்தது? இன்று உங்கள் இடத்துக்கு ஆள் எடுத்தால் எதைப் பார்த்து எடுப்பீர்கள்? கடைசிக் கேள்விக்கான விடை பெரும்பாலும் பட்டத்தின் பெயராக இருக்காது. அதை அப்படியே குறித்துவையுங்கள். ஏழாம் படியில் தேவைப்படும்.

பேசி முடித்ததும் பட்டியல் தானாகவே இரண்டாகவோ மூன்றாகவோ சுருங்கிவிடும்.

5. வேலையிலிருந்து படிப்புக்குப் பின்னோக்கி வாருங்கள்

தேர்ந்தெடுத்த ஒவ்வொரு வேலைக்குமான ஆள்சேர்ப்பு அறிவிப்பை எடுத்து, கல்வித் தகுதி என்ற பகுதியைச் சொல் விடாமல் படியுங்கள். அரசு வேலையானால் டி.என்.பி.எஸ்.சி., ஆசிரியர் தேர்வு வாரியம், மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் ஆகியவற்றின் பழைய அறிவிக்கைகள் அவற்றின் இணையதளங்களில் கிடைக்கும். தனியார் வேலையானால் நிறுவனங்களின் விளம்பரங்களைப் பாருங்கள். படிப்பில் தொடங்கி வேலைக்கு வருபவர் கண்ணில் படாத தடைகள், வேலையில் தொடங்கிப் பின்னோக்கி வருபவருக்குத் தெளிவாகத் தெரியும்.

முதல் தடை, புதுப் பெயருள்ள பட்டங்கள். கேட்கக் கவர்ச்சியாக இருக்கும் ஒரு பட்டம், அரசு வேலைக்குக் கேட்கப்படும் பட்டத்துக்கு இணையானது என்று அரசாணை இல்லாவிட்டால், தேர்வில் வென்ற பிறகும் சான்றிதழ் சரிபார்ப்பில் நிராகரிக்கப்படலாம். சேரும் முன்பே இணைத்தன்மையைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இரண்டாவது, பயிற்று மொழி. தமிழ் வழியில் படித்தவர்களுக்கு மாநில அரசுப் பணிகளில் 20 சதவீத முன்னுரிமை ஒதுக்கீடு உண்டு. ஒன்றாம் வகுப்பிலிருந்து அந்தப் பணிக்குரிய கல்வித் தகுதி வரை தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. பட்டம் கேட்கும் பணிகளை இலக்காகக் கொண்ட தமிழ் வழி மாணவர், பட்டப்படிப்பை ஆங்கில வழியில் எடுத்தால் அந்தப் பணிகளுக்கு இந்தச் சலுகையை இழக்கிறார். எதை எடுப்பது என்பது அவரவர் முடிவு. இழப்பது தெரிந்தே எடுக்க வேண்டும் என்பதுதான் என் வற்புறுத்தல்.

மூன்றாவது, பட்டத்துக்குப் பின்னும் நீளும் பாதை. வழக்கறிஞராக ஐந்தாண்டுப் படிப்புக்குப் பிறகு பார் கவுன்சிலில் பதிவு செய்து, அகில இந்திய பார் தேர்விலும் தேற வேண்டும். சி.ஏ.வுக்கு ஃபவுண்டேஷன், இன்டர்மீடியட், இரண்டாண்டு ஆர்ட்டிகிள்ஷிப் என்னும் பணிப் பயிற்சி, ஃபைனல் என்று அடுத்தடுத்து வரும். முதல் சம்பளம் எந்த வயதில் கைக்கு வரும் என்பதை ஒவ்வொரு பாதைக்கும் எதிரே எழுதுங்கள்.

6. பணக் கணக்கைக் கடைசி ரூபாய் வரை போடுங்கள்

கல்விக் கட்டணம் செலவின் ஒரு பகுதிதான். விடுதி, உணவு, பேருந்து, தேர்வுக் கட்டணம், ஆய்வகச் சாதனங்கள், மடிக்கணினி எல்லாவற்றையும் கூட்டிப் படிப்புக் காலத்தால் பெருக்குங்கள். அதிலிருந்து உங்களுக்கு உரிய சலுகைகளைக் கழியுங்கள். 7.5 சதவீத ஒதுக்கீட்டில் கலந்தாய்வு வழியே தொழிற்கல்வியில் சேருபவரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குப் போகும் மாணவியருக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது.

கல்விக் கடன் வாங்குவதானால், தவணையை இன்றே கணக்கிடுங்கள். ஆண்டுக்கு 1,00,000 ரூபாய் வீதம் நான்கு ஆண்டுகளில் 4,00,000 ரூபாய் வாங்குவதாகவும், வட்டி 10 சதவீதம் என்றும் கொள்வோம். படிக்கும் காலத்திலும் அதற்குப் பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை என்றாலும், வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். தனிவட்டியாகப் பார்த்தால் முதல் தொகைக்கு ஐந்து ஆண்டு வட்டி 50,000, அடுத்தடுத்தவற்றுக்கு 40,000, 30,000, 20,000 எனச் சேர்ந்து 1,40,000 ரூபாய் ஆகிறது. தவணை தொடங்கும் நாளில் கடன் 5,40,000 ரூபாய். அதைப் பத்தாண்டில் அடைக்க மாதம் 7,100 ரூபாய்க்கு மேல் கட்ட வேண்டும். நான்காம் படியில் கேட்டறிந்த தொடக்கச் சம்பளத்துக்குப் பக்கத்தில் இந்த எண்ணை எழுதுங்கள். சம்பளத்தில் பாதியைத் தவணை விழுங்குமானால், அதே வேலைக்குப் போகும் மலிவான பாதையைத் தேட வேண்டும். படிப்பைக் கைவிட வேண்டும் என்று இதற்குப் பொருளில்லை. அரசுக் கல்லூரி, பாலிடெக்னிக் வழி, வீட்டிலிருந்தே சென்று வரும் தொலைவில் உள்ள கல்லூரி என்று மாற்றுகள் இருக்கின்றன.

7. கட்டணம் கட்டுமுன் சிறு சோதனை செய்யுங்கள்

தேர்வு முடிந்ததற்கும் கல்லூரி தொடங்குவதற்கும் இடையே உள்ள வாரங்கள் இதற்குப் போதும். கணக்குத் துறையை நினைப்பவர் தெரிந்த கடையில் ஒரு மாதம் பில்களை டேலி கணக்கு மென்பொருளில் பதிவு செய்யட்டும். ஆசிரியராக எண்ணுபவர் தெருப் பிள்ளைகள் நான்கைந்து பேருக்கு மாலையில் பின்னக் கணக்கு சொல்லிக் கொடுக்கட்டும். நிரல் எழுத நினைப்பவர் மத்திய அரசின் ஸ்வயம் இணையவழிக் கல்வித் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் அறிமுகப் பாடம் ஒன்றைப் பயிற்சிக் கணக்குகளோடு முடிக்கட்டும். மருத்துவம் சார்ந்த வேலைகளை இப்படிச் செய்து பார்க்க முடியாது. அனுமதி பெற்று, பணியில் இருப்பவரோடு அரை நாள் இருந்து பார்க்கலாம்.

இந்தச் சோதனையில் மகிழ்ச்சியை அளக்க வேண்டாம், முதல் வாரம் எதுவும் மகிழ்ச்சியாகத்தான் இருக்கும். சலிப்பூட்டும் பகுதி வந்தபோது என்ன செய்தீர்கள் என்பதைப் பாருங்கள். பிழை எங்கே என்று தேடிக்கொண்டே இருந்தீர்களா, கைப்பேசியை எடுத்தீர்களா? நான்காம் படியில் "எதைப் பார்த்து ஆள் எடுப்பீர்கள்" என்று கேட்டதற்குக் கிடைத்த விடையோடும் இதை ஒப்பிடுங்கள்.

8. முதன்மைப் பாதையோடு ஒட்டிய இரண்டாம் பாதை

இரண்டாம் பாதை, முதல் பாதையிலிருந்து பிரிந்து மீண்டும் அதனோடு சேரக்கூடியதாக இருக்க வேண்டும். பொறியியலில் விரும்பிய இடம் கிடைக்காதவருக்கு நல்ல பாலிடெக்னிக் அப்படிப்பட்ட பாதை. டிப்ளமோ முடித்தவர் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். தேசிய அப்ரண்டிஸ் திட்டத்தில் ஓராண்டு உதவித்தொகையோடு தொழிற்சாலைப் பயிற்சியும் பெறலாம்.

போட்டித் தேர்வை முதன்மைப் பாதையாகக் கொள்பவர்கள், எத்தனை முறை எழுதுவது என்ற எல்லையைத் தொடங்கும் முன்பே குடும்பத்தோடு பேசி எழுதிவைக்க வேண்டும். சில மதிப்பெண்களில் தவறிய மனநிலையில் அந்த எல்லையை யாராலும் நிதானமாகத் தீர்மானிக்க முடியாது. நீட்டுக்கு மறுபடி தயாராகிறவர்களுக்கும் இது பொருந்தும்.

9. இப்போதுதான் கல்லூரி

பொறியியலை எடுத்துக்கொள்வோம். கட் ஆஃப் 200க்குக் கணக்கிடப்படுகிறது: கணித மதிப்பெண் அப்படியே 100க்கு, இயற்பியலும் வேதியியலும் பாதியாக்கப்பட்டு 50, 50. கணிதத்தில் 84, இயற்பியலில் 78, வேதியியலில் 72 எடுத்தவரின் கட் ஆஃப் 84 + 39 + 36 = 159. சென்ற ஆண்டு உங்கள் பிரிவினருக்கு ஒவ்வொரு கல்லூரியிலும் எந்தக் கட் ஆஃப் வரை இடம் கிடைத்தது என்பது கலந்தாய்வு இணையதளத்திலேயே இருக்கும். பொதுப் பிரிவின் எண்ணைப் பார்த்து மனம் தளர்ந்துவிடுகிறார்கள். உங்கள் சமூகப் பிரிவின் எண்ணைப் பாருங்கள்.

விருப்பப் பட்டியல் நிரப்புவதில்தான் ஆண்டுதோறும் ஒரே தவறு திரும்பத் திரும்ப நடக்கிறது. "கிடைக்கக் கூடியதை மேலே போடு" என்று யாராவது சொல்ல, விரும்பிய கல்லூரியைக் கீழே தள்ளிவிடுகிறார்கள். கணினி உங்கள் தரவரிசை வரும்போது பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்த்து, இடம் இருக்கும் முதல் விருப்பத்தை ஒதுக்குகிறது. மேலே உள்ளது கிடைக்காவிட்டால் அடுத்ததைப் பார்க்கும். கிடைக்காததை மேலே எழுதியதால் கீழே உள்ளது பறிபோகாது. எனவே உண்மையான விருப்ப வரிசையில் எழுதுங்கள். பத்துப் பதினைந்து இடங்களோடு நிறுத்தினால் எதுவுமே ஒதுக்கப்படாமல் போகலாம் என்பதால், பட்டியல் நீளமாகவும் இருக்கட்டும். தற்காலிக ஒதுக்கீடு வந்தபின் ஏற்றுக்கொண்டு சேருவது, ஏற்றுக்கொண்டு மேல் விருப்பத்துக்குக் காத்திருப்பது போன்ற தெரிவுகள் வரும். அவற்றுக்குக் குறிப்பிட்ட கெடு உண்டு. தவறவிட்டால் ஒதுக்கிய இடம் போய்விடும்.

அண்ணா பல்கலைக்கழகம் தன் இணைப்புக் கல்லூரிகளின் தேர்ச்சி விழுக்காட்டை வெளியிடுகிறது. வேலைவாய்ப்பு விளம்பரப் பலகையை விட அது நம்பத் தக்கது. செவிலியர் படிப்புக்கு இந்திய செவிலியர் குழுமம், மருந்தியலுக்கு இந்திய மருந்தியல் குழுமம், சட்டத்துக்கு இந்திய பார் கவுன்சில் ஆகியவற்றின் அங்கீகாரத்தைச் சரிபாருங்கள். தேர்வு முடிவுக்கு முன்பே மேனேஜ்மென்ட் கோட்டா இடத்துக்கு முன்பணம் கேட்கும் தரகர்களிடம் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்பது யு.ஜி.சி. விதி, சரிபார்த்த பின் திருப்பிக் கேளுங்கள்.

10. முதல் ஆண்டு முடிவில் ஒரு சரிபார்ப்பு

நோட்டை முதல் ஆண்டின் கோடை விடுமுறையில் மீண்டும் எடுங்கள். நான்காம் படியில் பேசிய இருவரையும் மறுபடி சந்தித்து, இதுவரை கற்றதைக் காட்டி, எது குறைகிறது என்று கேளுங்கள்.

பாதை தவறிவிட்டது என்று உறுதியாகத் தெரிந்தால், படிப்பைப் பாதியில் நிறுத்துவது பெரும்பாலும் கடைசித் தெரிவாகவே இருக்க வேண்டும். எந்தப் பட்டம் பெற்றவரும் மூன்றாண்டுச் சட்டப் படிப்பில் சேரலாம், எம்.பி.ஏ.வுக்கும் அப்படியே. சி.ஏ.வுக்கு வணிகவியல் பட்டதாரிகள் 55 சதவீதமும் மற்றப் பட்டதாரிகள் 60 சதவீதமும் எடுத்திருந்தால் ஃபவுண்டேஷன் தேர்வு எழுதாமலே நேரடியாக இன்டர்மீடியட்டுக்குப் பதிவு செய்யலாம். எம்.சி.ஏ.வை நினைப்பவர் பிளஸ் டூவிலோ பட்டத்திலோ கணிதம் படித்திருக்கிறாரா என்று பார்க்க வேண்டும். இந்த வாயில்களுக்கெல்லாம் பட்டத்தில் எடுத்த மதிப்பெண் கேட்கப்படுகிறது. ஆகவே மாறப்போகிறோம் என்று முடிவு செய்துவிட்டவர்கள், பிடிக்காத பாடத்திலும் அரியர் வைக்காமல் மீதமுள்ள பருவங்களை முடிக்க வேண்டும்.